உச்சிக்குப் பிறகு ஒரு துண்டு கருப்பட்டி

பகொக்கு
தபௌங் மாதம், பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாள்

தங்கச்சி தீன் ம்யாவுக்கு அண்ணன் போ தௌங் சொல்லி எழுதுவது. எழுதும் கை, தெருமுனையில் ஊறுதேயிலை விற்கும் மா ப்யூவுடையது. நான் மடத்துப் பள்ளிக்கூடத்து வேலியைத் தாண்டி ஓடியவன் என்பது ஊருக்கே தெரியும். அதனால் இதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சகைங் குன்றுக்குப் போய்ச் சேர்ந்தாயா? விடியற்காலைப் படகுக்குப் போனவள் என்னை எழுப்பியிருக்கலாம். எழுந்து பார்த்தால் உன் பாய் சுருட்டி வைத்திருக்கிறது, அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது. படகுத்துறையில் கேட்டேன். "ஒங்க தங்கச்சி துணிமூட்டையோட ஏறுச்சே, சண்டையா?" என்று படகுக்காரன் என்னையே கேட்கிறான்.

நான் சொன்னது ஒரு பேச்சுக்குச் சொன்னது. பௌர்ணமிக்கு மறுநாள் அன்னதானம் என்று ஒரு மாதம் முன்பே உனக்குத் தெரியும். பிக்குகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சோறு அடிப்பிடித்து நாறுகிறது. நீ கதவைச் சாத்திக்கொண்டு இருட்டறையில் குப்புறக் கிடக்கிறாய். அப்போதுதான், "விருந்தாளி வந்தா மட்டும் ஒனக்கு எப்படித்தான் தலை நோவுதோ" என்றேன். மற்றவர்கள் சிரித்ததற்கு நான் என்ன செய்ய? அவர்கள் வாய் என் வாயா?

இரண்டு நாள் இருந்துவிட்டு வா. நிலக்கடலை உரிக்காமல் கிடக்கிறது. மா ப்யூ, "'வா'ன்னா எப்படி மாமா வரும்? தன்மையா எழுதுவோம்" என்கிறாள். எழுதச் சொன்னதை மட்டும் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

போ தௌங்


சகைங் குன்று
தகூ மாதம், வளர்பிறை நான்காம் நாள்

அண்ணே,

வந்து சேர்ந்துவிட்டேன். பெண் துறவியர் மடத்தில் ஒரு மூலையில் எனக்குப் பாய் கொடுத்திருக்கிறார்கள்.

நீ பேச்சுக்குத்தான் சொன்னாய். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் ஆணியாக என் பொட்டில் இறங்கியது. உனக்கு என் தலைவலி என்றால் என்னவென்று ஒரு தடவையும் நான் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. இப்போது கேட்டுக்கொள்.

முந்தின நாளே கொட்டாவியாக வரும். பிடரி விறைத்துக்கொள்ளும். மறுநாள் கண்ணோரத்தில் ஈர ரம்பத்தின் பல் மாதிரி ஒரு வெளிச்சக் கோடு துடித்துக்கொண்டே பெரிதாகும். அப்போது உன் முகத்தைப் பார்த்தால் பாதிதான் இருக்கும். உன்னைப் பார்த்து நான் மிரண்டது கோபத்தால் என்று நீ நினைத்திருப்பாய். கோடு மறைந்ததும் இடது பொட்டில் உலக்கை விழ ஆரம்பிக்கும். வெளிச்சம் ஆகாது, எண்ணெய் காயும் வாசனை ஆகாது, உன் செருப்புச் சத்தம்கூட ஆகாது. வாந்தி எடுத்தால் கொஞ்சம் இறங்கும். மறுநாள் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரிக் கிடப்பேன். இதில் விருந்தாளி எங்கே வந்தார்?

நான் ஒரு முடிவோடு வந்திருக்கிறேன். வாசோ பௌர்ணமி வரை, இன்னும் மூன்று மாதத்துக்கு மேல், இங்கே இருப்பேன். தலை தெளிந்தால் வீட்டுக்கு வந்து உன் கடலையை உரிக்கிறேன். தெளியாவிட்டால் முடியை இறக்கிவிட்டு இங்கேயே துறவியாகிவிடுகிறேன். இனியும் ஒரு வீட்டில் இருட்டறையை அடைத்துக்கொண்டு கிடக்க எனக்கு இஷ்டமில்லை.

தீன் ம்யா


பகொக்கு
தகூ மாதம், தேய்பிறை இரண்டாம் நாள்

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மா ப்யூ இரண்டு தடவை வாசித்தாள். இரண்டாம் தடவை பாதியில் நிறுத்திவிட்டு, "எனக்கே தலை வலிக்குது மாமா" என்றாள். எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. படகுத்துறைக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன்.

முடியை இறக்குவதாமே! அந்தப் பேச்சே வேண்டாம். தலையைத் தெளிய வைப்பது என் பொறுப்பு.

முதலில், தூணில் தொங்கும் வீட்டுத் தெய்வத்தின் தேங்காயை இறக்கினேன். குடுமி கொட்டி, தண்ணீர் வற்றிக் கிடந்தது. வீட்டைக் காக்கிறவர் தலை அப்படிக் கிடந்தால் வீட்டில் இருப்பவர் தலை எப்படி இருக்கும்? புதுத் தேங்காய் கட்டி, புதுச் சிவப்புத் துணியில் தலைப்பாகை சுற்றியிருக்கிறேன். உனக்கு அங்கே வலி ஏதாவது இறங்கியதா என்று எழுது.

இரண்டாவது, சேர்த்து உண்ணக் கூடாத பண்டங்கள் என்று நம் சுவரில் படம் ஒட்டியிருக்கிறதே, அதை மா ப்யூவை விட்டு முழுக்க வாசிக்கச் சொன்னேன். புறாக்கறியும் பூசணிக்காயும் கூடாதாம். நாம் புறாவே தின்றதில்லை. இருந்தாலும் பூசணியை நிறுத்திவிடு. மூன்றாவது, திங்கட்கிழமை தலைக்குக் குளிக்காதே. நீ குளிப்பாய், எனக்குத் தெரியும்.

படகுக்காரனிடம் வலி மாத்திரை ஒரு கட்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன். தினம் ஒன்று போடு. வருவதற்கு முன்பே போட்டுவிட்டால் எப்படி வரும்?

இங்கே நான் ஆக்குகிற சோற்றை நாய் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறது.

போ தௌங்


சகைங் குன்று
கசோன் மாதம், வளர்பிறை பத்தாம் நாள்

அண்ணே,

தேங்காய்க்கு நன்றி. ஆனால் எனக்கு மோசமாகிவிட்டது. வீட்டில் மாதத்தில் நாலைந்து முறை வந்தது, இங்கே ஒன்று போவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. நீ அனுப்பிய மாத்திரையைத் தினமும் போட்டேன். முதலில் கேட்டது. பிறகு மாத்திரையின் வேகம் இறங்கியதும் தலைவலி ஏறியது. விடியற்காலைத் தியான மண்டபத்தில், ஊதுவத்திப் புகையின் நடுவில் வாந்தி எடுத்து விழுந்தேன். பக்கத்தில் இருந்த இளம் துறவி, "அக்கா, ஒங்க மேல ஏதாச்சும் எறங்கியிருக்கா?" என்று பயந்து போய்க் கேட்டது. மடத்துத் தலைவியம்மா அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். என்னை அடிவாரத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்.

டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டுப் பேசினார். அதற்கே அவரைக் கும்பிடலாம். இது பேயும் இல்லை, போன பிறவிப் பாவமும் இல்லை, ஒற்றைத் தலைவலி என்றார். சில பேருக்கு மூளை நரம்பு சீக்கிரம் மிரளுமாம். மாடு மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டேன். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். அம்மாவுக்கு இருந்ததா அண்ணே? நான் கடைசி, எனக்கு அம்மாவே சரியாக நினைவில்லை.

மாத்திரையைத் தினமும் போட்டால் மாத்திரையே தலைவலியை வளர்க்குமாம். வாரத்துக்கு இரண்டு நாளைக்கு மேல் தொடக் கூடாது என்றார். அதுவும் உலக்கை விழ ஆரம்பித்த பிறகு போட்டால் வயிறு வாங்காது, முதல் அறிகுறியிலேயே போட வேண்டுமாம்.

பிறகு கேட்டார் பார், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். "ஒவ்வொரு தடவையும் வர்றதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சு? தூக்கம் கெட்டுச்சா? வெயில்ல நின்னீங்களா? பட்டினியா? ஏதாச்சும் வாசனையா? மாதாந்திர நாளா?" கடைசிக் கேள்விக்கு அவரிடமே பதில் சொல்லிவிட்டேன். மற்றதற்கு என்னிடம் பதில் இல்லை. வலி போகும்போது அந்த நாளையும் முந்தின நாளையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறது.

உன் தலைதான் எதையும் விடாதே. நீ சொல். நான் விழுந்த நாட்களைச் சொல். வாசோவுக்கு அதிக நாள் இல்லை.

தீன் ம்யா


பகொக்கு
கசோன் மாதம், தேய்பிறை ஒன்பதாம் நாள்

தங்கச்சிக்கு,

சொல்கிறேன். மா ப்யூ கடையைச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறாள். வந்த வாடிக்கையாளர்களை, "மாமா ஞாபகம் வந்து உக்காந்திருக்காரு, நாளைக்கு வாங்க" என்று விரட்டுகிறாள்.

அம்மாவுக்கு இருந்தது. வீட்டுக்குக் கீழே, தூண்களுக்கிடையே மாடு கட்டுமிடத்தில், மாட்டு முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் இருட்டாக ஒரு இடம் உண்டு. தலையில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். கூப்பிட்டால் கையை மட்டும் ஆட்டுவாள். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம்.

இப்போது நீ. செம்பழுப்பு மாடு வாய்க்காலில் இறங்கி ஏறாமல் நின்றதே, ஊரே கயிறு போட்டு இழுத்ததே, அன்றைக்கு நீ வீட்டுக்குள் கிடந்தாய். மாட்டைத் தேடி நான் கொல்லைக்கு ஓடியபோது கொடியில் உன் பழுப்புத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது, நோன்புக்கு மடத்துக்குப் போகும்போது தோளில் போடுவாயே, அது. என் முகத்தில் அடித்தது, ஒதுக்கிவிட்டு ஓடினேன். எதிர்வீட்டுக்காரன் மகளுக்குக் காது குத்தினார்களே, நீ வரவில்லை என்று அவர்கள் முகத்தைத் தூக்கினார்களே, அன்றைக்கும் கொடியில் அந்தத் துண்டு. அதில் காக்கை எச்சம் போட்டிருந்தது, நான்தான் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். எண்ணெய்ச் செக்கு உடைந்த நாள். துண்டு. தெற்குக் காற்று கூரையைப் பிய்த்த நாள், துண்டு பறந்து முருங்கையில் மாட்டிக்கொண்டது. அன்னதானத்து அன்றும் பிக்குகளுக்குக் கை கழுவத் தண்ணீர் எடுக்கப் போனபோது கண்ணில் பட்டது.

இந்த இடத்தில் மா ப்யூ எழுதுவதை நிறுத்தி, "அப்போ ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் நோன்பா மாமா?" என்றாள். ஆமாம். நோன்பு நாள் சாயங்காலம் துண்டைத் துவைத்துப் போடுவாய், மறுநாள் காலை விழுவாய். உச்சிக்குப் பிறகு தண்ணீரைத் தவிர வாயில் ஒன்றும் படாமல், மறுநாள் விடிகிற வரை காய்ந்த வயிறு.

நீ ஏன் நோன்பு பிடிக்க ஆரம்பித்தாய்? தலைவலி தீர வேண்டும் என்று! வந்தால் இன்னும் பக்தியாகப் பிடித்தாய். முன்பெல்லாம் பௌர்ணமிக்கு மட்டும், பிறகு அமாவாசைக்கும், பிறகு அஷ்டமிக்கும். மருந்து என்று நினைத்து நோயைக் குடித்திருக்கிறாய். நானும் பக்கத்திலிருந்து, நல்ல காரியம் என்று சாது சாது சொல்லியிருக்கிறேன்.

துண்டு இல்லாத நாட்களும் உண்டு. பொம்மலாட்டம் பார்த்து விடிய விடியக் கண் விழித்த மறுநாள். புகையிலை காயப்போட நடுவெயிலில் நின்ற நாள். அதையும் டாக்டரம்மாவிடம் சொல். ஆனால் பெரிய திருடன் யார் என்று தெரிந்துவிட்டது.

இப்போது நீயே யோசி. வீட்டில் மாதத்துக்கு நாலு நாள் பட்டினி. அங்கே தினமும் உச்சியோடு அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். தலைவலிக்கு வைத்தியம் தேடி தலைவலியின் வீட்டுக்கே குடிபோயிருக்கிறாய்! புறப்பட்டு வா. இங்கே ராத்திரி உனக்கு யார் சோறு இல்லை என்று சொல்லப் போகிறார்கள்? அடுத்த படகுக்கே துறையில் நிற்பேன்.

போ தௌங்


சகைங் குன்று
நயோன் மாதம், வளர்பிறை பன்னிரண்டாம் நாள்

அண்ணே,

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். காக்கை எச்சத்தைத் துடைத்தாயா? நான் துவைத்தது ஏன் ஈரமாகவே இருக்கிறது என்று அன்றைக்கு உன்மீது எரிந்து விழுந்தேன்.

மூட்டையைக் கட்டிவிட்டுத்தான் தலைவியம்மாவிடம் விடைபெறப் போனேன். கடிதத்தைக் காட்டினேன். மாடு வாய்க்காலில் நின்ற இடத்தில் சிரித்தார், பட்டினி என்கிற இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார். "இத ஏன்டி மொதல்லயே சொல்லல?" என்றார். "நோயாளிக்கு உச்சிக்குப் பிறகும் அஞ்சு மருந்து பகவானே அனுமதிச்சிருக்காரு. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம். ஒரு துண்டு கருப்பட்டிய வாயில போட்டுக்கிறதுக்கு ஒனக்கு யாரு தடை?"

டாக்டரம்மாவிடமும் கேட்டேன். உச்சிக்கு முன்பு வயிறு நிறையச் சாப்பிடுங்கள், வெறும் வெல்லத்தை மட்டும் நம்பாமல் சாயங்காலம் வெந்நீரில் நெய்யும் கலந்து குடியுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், தூங்கும் நேரத்தை மாற்றாதீர்கள் என்றார். தினமும் போட்ட மாத்திரையை நிறுத்திய முதல் வாரம் நரகம். அதைப் பற்றி எழுத மாட்டேன். பிறகு, அண்ணே, ஒரு நாள் காலையில் எழுந்தேன், தலை என்ற ஒன்று இருப்பதே தெரியவில்லை. அடுத்த நாளும் தெரியவில்லை.

முழுதாகப் போய்விடவில்லை. போன வாரம் மழை இறங்குவதற்கு முன்பு வானம் இறுகியதே, அன்றைக்குக் கொட்டாவி வந்தது. அப்போதே ஒரு மாத்திரை போட்டு, ஈரத்துணியோடு இருட்டில் படுத்துவிட்டேன். சாயங்காலம் எழுந்து தண்ணீர் இறைத்தேன். மண்டபத்தில் இப்போது ஊதுவத்திக்கு எட்டாமல் கதவோரமாக உட்கார்கிறேன்.

வீட்டுக்கு வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

தீன் ம்யா


பகொக்கு
நயோன் மாதம், தேய்பிறை மூன்றாம் நாள்

தங்கச்சிக்கு,

பிறகு என்ன பிறகு? தலை தெளிந்தால் வருவேன் என்று சொன்னது யார்? நானா சொன்னேன்?

உன் அறைச் சன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி தைத்துப் போட்டிருக்கிறேன். உச்சி வெயிலிலும் உள்ளே கை தெரியாது. எண்ணெய் காய்ச்சும் அடுப்பைக் கொல்லைக்கு மாற்றிவிட்டேன். செருப்பை வாசலிலேயே கழற்றுகிறேன், வெறுங்காலோடு நடந்து பழகுகிறேன். நேற்று நான் பின்னால் வந்து நின்றது தெரியாமல் மா ப்யூ திரும்பி, "ஐயோ, பேய் மாதிரி வராதீங்க மாமா!" என்று தேயிலைத் தட்டைக் கவிழ்த்துவிட்டாள்.

படகுக்காரனிடம் ஒரு பானை கருப்பட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். அங்கே கிடைப்பதில் மணல் இருக்கும். இது அதிகம் அனுப்பவில்லை. நீ புறப்படும் வரைக்குத்தான் கணக்கு.

எந்தப் படகு? பதில் போடு.

போ தௌங்


சகைங் குன்று
வாசோ மாதம், வளர்பிறை மூன்றாம் நாள்

அண்ணே,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் வரவில்லை. பௌர்ணமியன்று முடி இறக்குகிறேன்.

நான் பொய் சொல்லிவிட்டதாக நினைக்காதே. தலை தெளிந்தால் வீட்டுக்கு வருவது என்று உண்மையாகவே இருந்தேன். அப்போது எனக்கு நினைப்பு என்றால் ஒன்றுதான்: அடுத்தது எப்போது வரும். வலி இருக்கிறபோது வலி, இல்லாதபோது அதற்குக் காவல். அது விலகியதும் உள்ளே இவ்வளவு பெரிய இடம் காலியாகக் கிடந்தது என்று தெரிகிறது. அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும் போலிருக்கிறது. எதற்கும் ஒளிந்துகொண்டு நான் இங்கே இருக்கவில்லை. நோயாளியாகவே தங்கியிருந்தால்தான் அது ஒளிந்துகொண்டதாக இருந்திருக்கும். தெளிந்த தலையோடு கேட்கிறேன், என்னை விடு.

தெளிய வைத்தது நீதான். அதனால் உனக்குத்தான் அதிகம் வலிக்கும் என்று தெரியும்.

முடி இறக்கும்போது கீழே விழாமல் வெள்ளைத் துணியில் ஏந்த வேண்டும். துணியின் ஒரு முனையைத் தலைவியம்மா பிடிப்பார். மறு முனையைப் பிடிக்க என் இரத்தத்தில் நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

தீன் ம்யா


பகொக்கு
வாசோ மாதம், வளர்பிறை எட்டாம் நாள்

வரமாட்டேன்.

என் ஞாபகத்தை என்னிடமே கேட்டு வாங்கி, அதை வைத்து எனக்கே கதவைச் சாத்துகிறாய். அந்தத் துண்டைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருந்தால் வலி தாங்காமல் வந்திருப்பாய் என்றுகூட நேற்று நினைத்தேன். நினைத்ததும் எழுந்து துறைவரை நடந்துவிட்டு வந்தேன்.

அதோடு, நீ துறவியாகிவிட்டால் நான் உன் முன்னால் மண்டியிட்டுக் கும்பிட வேண்டும். உன் மூக்கைத் துடைத்தவன் நான். என் முழங்கால் அதற்கு மடங்காது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

போ தௌங்


பகொக்கு
வாசோ மாதம், பௌர்ணமி கழிந்து ஆறாம் நாள்

வணக்கத்துக்குரிய துறவியம்மா அவர்களுக்கு, போ தௌங் சொல்லி எழுதுவது.

சுகமாக வந்து சேர்ந்தேன். படகில் கூட்டம். என்னோடு வந்த ஆள் சகைங்கில் என்ன வேலை என்று கேட்டான். துணி பிடிக்கப் போனேன் என்றேன். ஜவுளி வியாபாரம் என்று நினைத்துக்கொண்டு வழி முழுக்க விலை கேட்டுக்கொண்டே வந்தான்.

துணியில் விழுந்த முடிக்குக் கனமே இல்லை. அவ்வளவு நரை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தலைவியம்மா தன் முனையை அசையாமல் பிடித்திருந்தார், என் முனைதான் ஆடியது. யாராவது கேட்டால் காற்றடித்ததால் என்று சொல்லுங்கள்.

முழங்கால் மடங்கியது. மூன்று முறை நெற்றி தரையில் பட்டது. எழுந்திருக்கத்தான் சிரமப்பட்டேன். குனிந்திருந்தபோது பார்த்தேன், தங்கள் வலது குதிகாலில் கொப்புளம் உடைந்திருக்கிறது. குன்றின் படிகளில் வெறுங்காலோடு ஏறி இறங்குகிறீர்கள் போல. மருந்துத் தைலம் இத்துடன் வருகிறது. தான அரிசி வாங்க வெயிலில் வீதிக்குப் போகும்போது குடையை முன்னால் சாய்த்துப் பிடியுங்கள்.

சன்னலில் கட்டிய கறுப்புத் துணியை அவிழ்க்கவில்லை. மதியத்தில் நானே அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறேன். தூக்கம் வருவதில்லை, ஆனால் இடம் குளுமையாக இருக்கிறது. மாதா மாதம் படகில் ஒரு பானை கருப்பட்டி வரும். தீர்ந்தாலும் தீராவிட்டாலும் வரும்.

இதற்குமேல் ஒரு வரி எழுதச் சொன்னேன். மா ப்யூ பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "துறவியம்மாவ அப்படியெல்லாம் கூப்பிட்டா பாவம் மாமா, என் கையால எழுத மாட்டேன்." எழுதாவிட்டால் இனிமேல் அடுத்த தெருவில் தேயிலை வாங்குவேன் என்றேன். முறைக்கிறாள். மற்றதெல்லாம் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறது, இந்த ஒன்று மட்டும் போகட்டும் என்று கெஞ்சியிருக்கிறேன்.

ஏ புள்ள, தலை எப்படி இருக்கு?